நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

மஹ்பூபாவுக்கு மஹ்பூபா என்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கும் ஆதார் அட்டைக்கும்தான் தெரியும். முதலியார்பேட்டையில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டது கிடையாது. கல்யாணமான புதிதில் "இந்தா", "ஏம்மா" என்று காலம் தள்ளிய அவள் புருஷன் ஹிதாயத்துல்லா, பையன் பிறந்து ஏழாம் நாள் பெயர் வைத்த கையோடு "அய்மான் அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. மீன்காரம்மா, கேபிள்காரர், மாடிவீட்டு கமலா, எல்லாருக்கும் அவள் அய்மான் அம்மாதான். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஹிதாயத்துல்லா வாசலில் நின்று அந்தப் பெயரைச் சொல்வார். அவள் அடுப்படியிலிருந்து "தோ வந்துட்டேன்" என்பாள். நாலு வருஷம் கழித்து நூரீன் பிறந்தாள். அதற்காகப் பெயர் மாறிவிடுமா? தலைப்பிள்ளை பெயர்தானே நிற்கும். பத்தொன்பது வருஷம் நின்றது.

அய்மான் மவுத்தாகி அடக்கம் செய்த நாலாம் நாளிலிருந்து அவள் நூரீன் அம்மா.

யாரும் கூடி உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு நடந்ததும் இல்லை. அந்தப் பெயர் காதில் விழுந்தால் பாவம், இவள் உடைந்துபோவாள் என்று ஒவ்வொருத்தரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள். மீன்காரம்மாகூட ஒரு தடவை "அய்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐல மீனு வந்துருக்கு நூரீன் அம்மா" என்று சமாளித்தாள். கூடையில் ஐலை மீனே இல்லை. எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். அதுதான் தொல்லை. நல்ல மனசுக்காரர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

புருஷனும் மாற்றிக்கொண்டார். முதல் தடவை அவர் வாசலில் நின்று "நூரீன் அம்மா" என்றபோது அவள் பேசாமல் போய் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அன்றிலிருந்து கூப்பிட்டால் போவாள், பதில் சொல்வதில்லை. அதை அவர் கவனித்தாரோ என்னவோ. அவரும் அந்த நாளிலிருந்து பையன் பெயரை வாயால் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பையனை அடக்கிய கபர்ஸ்தானுக்குத் தனியாகப் போய்விட்டு, கைலி ஓரத்தில் மண் ஒட்டியிருக்க வீட்டுக்கு வருவார். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார்.

நடந்தது இவ்வளவுதான். லாஸ்பேட்டையில் அவளுடைய தங்கை வீட்டு விசேஷம். பஸ்ஸுக்கு நிற்க முடியாது, நீ கொண்டுபோய் விடு என்று தூங்கிக்கொண்டிருந்த அய்மானை அவள்தான் எழுப்பினாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஹெல்மெட். அதை அவன் அவள் தலையில் முக்காட்டுக்கு மேலே கவிழ்த்து, தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டிவிட்டு, "ராக்கெட்டுல போற ஆளு மாரி இருக்கம்மா" என்று சிரித்தான். ஏர்போர்ட்டுக்குத் திரும்புகிற இடத்தில் மணல் லாரி வந்தது. அவளுக்குக் கணுக்காலில் தகடு வைத்தார்கள். அவனுக்கு எதுவும் வைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. காலில் ஆபரேஷன் செய்த டாக்டர் இடது காலின் கடைசி இரண்டு விரல்களையும் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியல" என்றாள். நரம்பு போயிருக்கிறது, இது மரத்தது மரத்ததுதான், பழகிக்கொள்ளுங்கள் என்றார். அவள் பழகிக்கொண்டாள். விரலோடு சேர்த்து மற்றதையும்.

அந்த டாக்டர்தான் கதிர்காமத்தில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற ஆலோசனை மையத்துக்கு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் போக வேண்டும். அதுவரை மஹ்பூபா தனியாக பஸ் ஏறியதே கிடையாது. முதலில் நூரீன் கூடப் போனாள். அவளுக்கு பிளஸ் ஒன் வந்தது, நின்றுவிட்டாள். பிறகு மஹ்பூபாவே புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸைக் கேட்டு ஏறி, சில்லறைக்குக் கண்டக்டரோடு மல்லுக்கட்டி, போய்வரப் பழகிக்கொண்டாள்.

அங்கே ஆலோசகர் கலைவாணி நன்றாகத்தான் பேசுவார். மூச்சை இழுத்து விடச் சொல்வார், படம் வரையச் சொல்வார். மஹ்பூபா சொன்னதையெல்லாம் செய்தாள். எதுவும் எங்கேயும் போய் ஒட்டவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமையைக்கூட அவள் விடவில்லை. மழை பெய்து தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும் போனாள். கலைவாணிக்கு அதில் பெருமை. தன்னுடைய சிகிச்சைக்காகத்தான் இந்தம்மா இப்படி ஓடிவருகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார். யார் போய்ச் சொல்வது?

அவள் ஓடிவந்தது சின்னப்பொண்ணுவுக்காக.

சின்னப்பொண்ணு அந்த மையத்தின் ஆயம்மா. கூட்டுவது, துடைப்பது, காத்திருப்பவர்களைப் பெயர் சொல்லி உள்ளே அனுப்புவது எல்லாம் அவள் வேலை. முதல் நாள் ஃபைலில் இருந்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. மகுபூ, மப்பூ என்று இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா பேரு இது, உன் புள்ள பேரு இன்னா சொல்லு" என்றாள். மஹ்பூபா யோசிக்காமல் "அய்மான்" என்றாள். "ஆங். அய்மான் அம்மா, உள்ள போ." அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரம் விஷயம் தெரிந்து சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தெரியாம கூப்ட்டம்மா. மாத்திக் கூப்புடட்டுமா?"

"வேணாம்."

"நெஜமாத்தான?"

"அப்படியே கூப்புடு."

அதன் பிறகு அவர்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, அந்த நீள வராந்தாவில், ஏலம் போடுகிற குரலில் சின்னப்பொண்ணு "அய்மான் அம்மா வாங்க" என்பாள். மஹ்பூபா எழுந்து போவாள். அந்த ஒரு நொடியில் மரத்துப்போனது விலகியது என்றெல்லாம் இல்லை. தான் யார் என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு பஸ் மாறலாம்.

இப்படியிருக்கும்போதுதான் நிர்மலா ஒரு கட்டு ஃபாரத்தோடு வந்து சேர்ந்தாள். பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், லாஸ்பேட்டையில் காலேஜ், மனோதத்துவப் படிப்பு. பெரிய துயரத்துக்குப் பிறகு மனிதர்கள் எவ்வளவு வளர்கிறார்கள் என்று அளந்து பார்ப்பது அவள் ஆராய்ச்சி. நூறு பேரிடம் கேட்க வேண்டும். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து ஐந்து வரை மார்க். மஹ்பூபா நூறாவது ஆள்.

"அம்மா, நான் படிக்கறேன், நீங்க சொன்னா போதும்" என்று ஆரம்பித்தாள் நிர்மலா. "வாழ்க்கைல எது முக்கியம்னு முன்னவிட இப்ப தெளிவா தெரியுதா?"

"அல்ஹம்துலில்லா" என்றாள் மஹ்பூபா.

நிர்மலா பேனாவை நிறுத்தினாள். "அப்டின்னா நல்லாருக்குன்னு அர்த்தம்தான அம்மா?"

"எல்லாப் புகழும் அவனுக்கேன்னும்மா."

நிர்மலா ஐந்து போட்டாள்.

அந்த வார்த்தையை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள முஸ்லிம் வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் மாட்டாது. சோறு வெந்ததா என்றாலும் அதுதான் பதில், வயிற்றுவலி எப்படி என்றாலும் அதுதான் பதில். நல்லதோ கெட்டதோ, முதலில் அதைச் சொல்லிவிடு என்று பழக்கியிருக்கிறார்கள். கணுக்கால் திரும்பிக்கிடக்க ரோட்டோரத்தில் படுத்திருந்தபோது "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்ட ஆம்புலன்ஸ்காரரிடமும் மஹ்பூபா அதைத்தான் சொன்னாள். நிர்மலாவுக்கு இது எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர்களோடு நெருக்கம் கூடியிருக்கிறதா, அல்ஹம்துலில்லா, ஐந்து. ஒவ்வொரு நாளையும் மதிக்கக் கற்றுக்கொண்டீர்களா, அல்ஹம்துலில்லா, ஐந்து. புதிய பொழுதுபோக்கு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு மட்டும் மஹ்பூபா ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு ஒன்று.

அடுத்த வியாழக்கிழமை கலைவாணியின் முகம் பூரித்துக் கிடந்தது. நிர்மலாவும் பக்கத்தில் நின்றாள்.

"நூறு பேர்ல நீங்கதாம்மா முதல். நூத்துக்குத் தொண்ணூத்தாறு" என்றார் கலைவாணி. "எனக்கே ஆச்சரியம். ரெண்டு வருஷமா வாயத் தொறக்கல, உள்ளுக்குள்ள இவ்ளோ வளர்ந்திருக்கீங்க."

மஹ்பூபாவுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. பத்தாம் வகுப்பில்கூட அவள் இந்த மார்க் எடுத்ததில்லை.

"அதனால அடுத்த வாரத்தோட உங்க ஃபைல மூடிடலாம்னு இருக்கேன். எழுபது பேரு வெயிட்டிங்ல இருக்காங்க. போன மாசம் புள்ளைய பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு எடமே கொடுக்க முடியல. நீங்க கரையேறிட்டீங்க. வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும், உங்க வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க."

இதற்கு என்ன சொல்வது? இடம் இல்லாத இன்னொரு அம்மாவைக் காட்டிவிட்ட பிறகு வாயைத் திறக்க முடியுமா? மஹ்பூபா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சின்னப்பொண்ணு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதோடு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. படி இறங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அது பயம் என்று புரியவே அவளுக்கு நேரம் பிடித்தது.

நிர்மலா ஸ்கூட்டரை எடுப்பதற்குள் போய் வழியை மறித்தாள். "அந்தப் பரிட்சைய நான் திரும்ப எழுதணும்."

"பரிட்சை இல்லம்மா அது..."

"எதுவோ. குடு, நானே எழுதறேன்."

வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். 'கீழ்க்கண்ட மாற்றங்கள், அந்த நிகழ்வின் விளைவாக, உங்கள் வாழ்க்கையில் எந்த அளவுக்கு ஏற்பட்டுள்ளன?' அன்றைக்கு நிர்மலா வேகமாகப் படித்துத் தாண்டிய வரி.

"அந்த நிகழ்வுன்னா?"

"அதாம்மா... உங்க மகன்..."

"சொல்லும்மா."

"உங்க மகன் எறந்தது."

"அப்ப இது அத்தனையும் அவன் செத்ததால எனக்குக் கெடச்சுதான்னு கேக்குது."

நிர்மலா அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தாள். அப்படித்தான் கேட்டிருந்தது.

மஹ்பூபா கேள்விகளைப் படித்துக்கொண்டே போனாள். ஏழாவதில் நின்றாள். 'முன்பு முடியாது என்று நினைத்த காரியங்களை இப்போது என்னால் செய்ய முடிகிறது.' இதற்குப் பதில் அவளுக்குத் தெரியும். பஸ் ஏறத் தெரியும். கண்டக்டர் மீதிச் சில்லறை தராவிட்டால் இறங்கமாட்டேன் என்று நிற்கத் தெரியும். நாற்பத்தாறு வயதில் புதுச்சேரி ஊரின் பாதியை அவள் தனியாகத்தான் முதலில் பார்த்தாள். பொய் சொல்லாமல் ஐந்துகூடப் போடலாம். ஆனால் போட்டால் என்ன அர்த்தம்? பிள்ளையைக் கொடுத்து பஸ் ஏறக் கற்றுக்கொண்டேன் என்றா? அன்றைக்கு அவளுக்குத் தனியாக பஸ் ஏறத் தெரிந்திருந்தால் அவனை எழுப்பியிருக்கவே வேண்டாம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அப்படி ஒரு கட்டம் அந்த ஃபாரத்தில் இல்லை.

இருபதுக்கும் சைபர் போட்டாள். ஒவ்வொரு சைபரையும் நிதானமாக, குண்டாக, வாய் மூடி முடித்தாள்.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்ததும் கலைவாணி அதை வாங்கிப் பார்த்தார். முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை விரலை ஓட்டினார். பிறகு அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கோவம் வந்துருக்கு உங்களுக்கு. ரெண்டு வருஷத்துல மொத தடவ. இதுவும் நல்ல அறிகுறிதாம்மா, வளர்ச்சிதான்."

நூறு எடுத்தாலும் பாஸ், சைபர் எடுத்தாலும் பாஸ். இப்படி ஒரு பரிட்சையில் பாவம் எவள்தான் ஃபெயிலாக முடியும்? மஹ்பூபா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை பின்னால் வந்த நிர்மலாதான், "ரெண்டு ஃபாரத்தையும் எடுத்துடறேம்மா. தொண்ணூத்தொம்பது பேர்னே எழுதிக்கறேன்" என்று மெல்லச் சொன்னாள். நல்ல பெண்.

வீட்டில் ஹிதாயத்துல்லா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள். "வியாழக்கெழம நீங்க வரணும். கையெழுத்துப் போடணுமாம். முடிச்சு அனுப்பறாங்க."

"கொணமாயிடுச்சா? அல்ஹம்துலில்லா" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த அல்ஹம்துலில்லாவுக்கு நிர்மலா எத்தனை மார்க் போட்டிருப்பாள் என்று மஹ்பூபா நினைத்தாள்.

நேரு வீதியில் இருக்கும் தன் துணிக்கடையை அந்த வியாழக்கிழமை அவர் திறக்கவில்லை. இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். புது பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற அவரை அவள் கையைக் காட்டிக் கூட்டிப்போனாள். "நீ இவ்ளோ தூரம் தனியாவா வர்ற?" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

வராந்தாவில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர் கடைச் சாவிக்கொத்தைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். இங்கே தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

கதவு திறந்தது. சின்னப்பொண்ணு தலையை நீட்டினாள்.

"அய்மான் அம்மா. அய்மான் அம்மா வாங்க."

சாவிகளின் சத்தம் நின்றது. ஹிதாயத்துல்லா நிமிர்ந்து சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். நடுத்தெருவில் யாரோ சட்டையைப் பிடித்து நிறுத்தியது போல இருந்தது அவர் முகம்.

மஹ்பூபா எழுந்திருக்கவில்லை. முன்கூட்டி யோசித்து வைத்ததெல்லாம் இல்லை. எழுந்தால் முடிந்துவிடும், அதனால் உட்கார்ந்திருந்தாள்.

"அய்மான் அம்மா" என்றாள் சின்னப்பொண்ணு மறுபடியும், இந்தத் தடவை சத்தம் குறைவாக.

அவள் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹிதாயத்துல்லா தரையைப் பார்த்தபடி, "உன்னத்தான் கூப்புடறாங்க" என்றார்.

"யார?"

"உன்னத்தான்."

"யாருன்னு கூப்புடறாங்க?"

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் கோபம் இல்லை, கண்ணில் ஈரம் இல்லை. அரிசி தீர்ந்துவிட்டதா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நூரீன் அம்மான்னு யாரும் கூப்புடலயே" என்றாள். "வாராவாரம் நான் இதுக்குத்தான் வந்தேன். இன்னையோட இதுவும் இல்ல."

சின்னப்பொண்ணு மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

ஹிதாயத்துல்லா தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இரண்டு வருஷமாகப் பூட்டி வைத்த பெயர், உடனே திறக்குமா? பிறகு, கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கூப்பிடுவாரே, அதே குரலில் சொன்னார்.

"அய்மான் அம்மா."

அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "எந்திரி. அய்மான் அம்மா, எந்திரி. கூப்புடறாங்க பாரு அய்மான் அம்மா" என்று சொல்லிக்கொண்டே, அத்தனை பேர் பார்க்க, முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதார். சாவிக்கொத்து கீழே விழுந்தது.

மஹ்பூபா அதைக் குனிந்து எடுத்தாள். அவர் சட்டைப் பையில் போட்டாள். எழுந்து நின்றபோது இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கும் வழக்கம்போலத் தரை தெரியவில்லை. அவர் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தோ வந்துட்டேன்" என்றாள்.